லட்டுப் பெட்டியும் ஒன்பதாவது கேள்வியும்

நம் விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வியைப் படித்துவிட்டு புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நால்வரும் சிரித்தீர்கள். எனக்குக் கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். "இது காப்புறுதிப் படிவமா, கல்யாணத் தரகர் நோட்டா?" என்று உங்களில் ஒருவர் கேட்டதும் கேட்டது. யார் என்று சொல்லமாட்டேன். குரல் தெரியும்.

வருகிற வெள்ளியோடு இந்த மேசையை விட்டு மான்செஸ்டர் கிளைக்குப் போகிறேன். ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படி உட்கார்ந்து அனுபவம் எழுதுவார்கள். எனக்கு முப்பதுதான் ஆகிறது. ஆனாலும் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை எழுதி வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றியது. நீங்கள் நால்வரும் தமிழ் வாசிக்கக் கூடியவர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

2009. எனக்கு இருபத்தைந்து வயது. அந்த வருடம் நம் ஆட்களுக்கு எப்படிப்பட்ட வருடம் என்று உங்கள் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். வங்கிகளும் தங்கள் பங்குக்கு உலகமே முடிந்துவிட்டதுபோல் நடந்துகொண்டிருந்தன. இவ்வளவுக்கும் நடுவில் நான் மட்டும் தலையில் கொம்பு முளைத்ததுபோலத் திரிந்தேன். அந்த செப்டெம்பரில்தான் எனக்குக் கையெழுத்து உரிமை கிடைத்திருந்தது. பொலிசியின் அடியில், யாரிடமும் காட்டாமல், நானே கையெழுத்துப் போடலாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா இன்றைக்கும் பெருவிரல்தான் வைப்பார். அப்பாவுக்கு விமான நிலையத்தில் துப்புரவு வேலை. பெயர்ப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுப்பார். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணிடம் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும்? லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுப் பால் பில்லில்கூட நான் முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தவராசா அங்கிளின் கோப்பு வந்தது.

தவராசா அங்கிள் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். இருபது வருடம் டோர்ட்முண்டில் கட்டட வேலை செய்து, பிறகு அங்கே ஒரு கடை வைத்து, அதை விற்றுவிட்டு இங்கே வந்து கிங்ஸ்பரியில் ஒரு துண்டுக் காணிக்கு முற்பணம் கட்டியிருந்தார். கடை வரிசைக்குப் பின்னால், பழைய கார்க் கொட்டகைகள் நின்ற இடம். அதில் ஆறு வீடுகள் கட்ட கவுன்சில் அனுமதியும் கொடுத்துவிட்டது. காணிக்கும் பெருந்தெருவுக்கும் நடுவே ஒரு ஒழுங்கை, ஒடுக்கமான சந்து. அதன் ஒரு பக்கத்தில் நாலு பழைய வீடுகள்.

சிக்கல் அந்த ஒழுங்கையில்தான். பத்திரத்தில் அங்கிளுக்கு ஒழுங்கையால் நடக்கவும் வாகனம் ஓட்டவும் உரிமை இருந்தது. ஒழுங்கைக்குக் கீழே எதையும் போட உரிமை இல்லை. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், கரண்ட் கேபிள் எல்லாம் பெருந்தெருவில் இருக்கின்றன. கொண்டுவர வேறு வழியே கிடையாது. சரி, ஒழுங்கைக்காரரிடம் கேட்கலாம் என்றால், ஒழுங்கை யாருடையது என்று நிலப்பதிவில் ஒரு எழுத்தும் இல்லை. நாளைக்கு எவரோ ஒருவர் வந்து "என் நிலத்தில் இருந்து உன் குழாயை எடு" என்றால் ஆறு வீட்டுக்கும் டொய்லெட் இல்லை.

இந்தப் பயத்துக்குத்தான் நாம் பொலிசி விற்கிறோம். அப்படி ஒருவர் வந்தால் வழக்குச் செலவும் நட்டமும் எங்கள் பொறுப்பு. ஒரே ஒரு முக்கிய நிபந்தனை, உங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தது: வாயைத் திறக்கக் கூடாது. ஒழுங்கைக்காரராக இருக்கக் கூடிய எவரிடமும் போய், "இங்கே குழாய் போடப் போகிறேன், உரிமை இல்லை, பரவாயில்லையா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், வராமலே இருந்திருக்கக் கூடிய ஆளை நாமே கதவைத் தட்டி அழைத்து வந்ததாகிவிடும். பிறகு எந்தக் காப்புறுதிக்காரரும் அதைத் தொடமாட்டார்.

வங்கி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரை தவணை கொடுத்திருந்தது. அதற்குள் பொலிசி போகாவிட்டால் கடன் ரத்து. கடன் இல்லாவிட்டால் காணியும் இல்லை, கட்டிய முற்பணமும் இல்லை. ஒரு ஆயுள் உழைப்பு.

செவ்வாய்க்கிழமை அவருடைய சொலிசிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. "எங்கள் கட்சிக்காரருக்கு ஆங்கிலம் கொஞ்சம் சிரமம். உங்களிடம் தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறாராமே, கேள்விகளை அவரே நேரில் கேட்க முடியுமா?" எனக்கு இன்னொரு கொம்பு முளைத்தது. போனை எடுத்தேன்.

"அங்கிள், அந்த ஒழுங்கையின்ர சொந்தக்காரரோட ஏதும் கதைச்சனீங்களோ?"

"சொந்தக்காரர் ஆரெண்டே தெரியாதாம் பிள்ளை. பிறகு ஆரோட கதைக்கிறது?"

"கடிதம் ஏதும் போட்டனீங்களோ?"

"இருபது வருசம் இருந்த ஜெர்மன்லயே நான் ஒரு கடிதம் போடேல்லை."

"அப்ப இல்லை எண்டு எழுதுறன்."

"எழுதும், எழுதும். அது சரி, நீர் ஆற்றை மகள்?"

பிறகு பத்து நிமிடம் நான் யாருடைய மகள் என்ற ஆராய்ச்சி நடந்தது. முடிவில் என் அப்பாவோடு விமான நிலையத்தில் ஷிப்ட் பார்க்கும் ஒருவருக்கு அவர் சகலன் முறை என்று கண்டுபிடித்தார். "அப்ப எங்கட பிள்ளைதான்" என்று தீர்ப்பும் சொன்னார். நான் 'இல்லை' என்ற பெட்டியில் சரி போட்டேன். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலை பொலிசியை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, மேசையின் இழுப்பு லாச்சியில் வைத்தேன். மறுநாள் காலை ஆள் மூலம் அனுப்புவதாக ஏற்பாடு. பதினொன்றரைக்குக் கீழிருந்து வரவேற்பாளர் கூப்பிட்டார். உன்னைத் தேடி ஒரு தம்பதி, பெரிய பெட்டி ஒன்றோடு.

அங்கிள் கோட் சூட்டில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி பவானி அன்ரி, பட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட். பெட்டியைத் திறந்தால் லட்டு. நாலு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முந்திரிகை வற்றல். அந்த வருடம் எங்கள் வீடுகளில் யாரும் லட்டுப் பிடிக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறடி உயர ஆங்கிலேயப் பெண்மணி. ஒரு கோப்பில் ஓட்டை இருந்தால் அதை மூக்காலேயே கண்டுபிடிப்பார். அன்றைக்கு அவர் மூக்கு லட்டைத்தான் கண்டுபிடித்தது. எங்கள் கூட்ட அறைக்குள் தானாகவே வந்து, கைகுலுக்கி, ஒரு லட்டை எடுத்துக் கடித்தார்.

"எடும் பிள்ளை, நீரும் எடும்" என்றார் அங்கிள். "மனிசிதான் செய்தவ. அத்திவாரம் வெட்ட முதல் இனிப்புக் குடுக்கோணும் எண்டு ஒரே பிடி. அந்த ஒழுங்கையில நாலு வீட்டுக்கும் குடுத்ததும் இதே லட்டுத்தான்."

என் கை பெட்டிக்கு மேலே நின்றுவிட்டது.

"நாலு வீட்டுக்குமோ?"

"பின்னை? சொல்லாமக் கொள்ளாமப் போய்க் கிண்டுறதே? நாளைக்கு அவையின்ர முகத்திலயெல்லே முழிக்கோணும்."

"என்னண்டு சொன்னனீங்கள் அங்கிள்?"

"உள்ளதைத்தான். இந்த ஒழுங்கையைக் கிண்டி பைப்பும் கரண்ட் வயரும் போடப்போறம், ரெண்டு கிழமைக்குக் கொஞ்சம் கஸ்டமா இருக்கும், குறை நினையாதேங்கோ எண்டு. என்ர இங்கிலிஷ் விளங்காது எண்டு மூத்தவள் ஒரு படமும் கீறித் தந்தவள். இஞ்ச, அதைக் காட்டுமன்."

அன்ரி கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். நாலு வீட்டுக்கும் கொடுத்ததில் மிஞ்சிய பிரதி. ஒழுங்கை, நாலு வீடுகள், பெருந்தெரு. நடுவில் சிவப்புக் கோடு குழாய், நீலக் கோடு கேபிள். ஓரத்தில் மண்வெட்டியோடு சிரிக்கும் ஒரு மனிதன். கீழே அழகான ஆங்கிலத்தில், 'இடைஞ்சலுக்கு மன்னிக்கவும், உங்கள் புதிய அயலவர்'. கூடவே தொலைபேசி இலக்கம்.

எங்கள் தொழிலில் இருபது வருடம் இருந்த எவராலும் ஒரு பொலிசியை இவ்வளவு முழுமையாகக் கொல்ல முடியாது.

"என்ன சொல்கிறார்?" என்று மேலாளர் கேட்டார். வாயில் லட்டு. கண்ணில் மகிழ்ச்சி.

நான் சொன்னேன்: "அவருடைய மனைவிதான் செய்தாராம்."

அது உண்மை. லட்டைப் பற்றி அவர் சொன்னதில் முதல் வாக்கியம் அதுதான். மீதியை விட்டுவிட்டேன். மேலாளர் "அற்புதமாக இருக்கிறது என்று சொல்" என்றார். சொன்னேன். "செய்முறை வேணுமெண்டால் எழுதித் தாறன் எண்டு சொல்லும்" என்றார் அன்ரி. அதையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் இரண்டாவது லட்டை எடுத்துக்கொண்டு போனார். படத் தாள் என் கையில் இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இந்த இடத்தைப் பற்றித்தான். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு மறைவிடம் கிடைத்துவிடுகிறது. அந்த அறையில் அங்கிள் சொன்னது எனக்கு மட்டும்தான் விளங்கியது. அந்தக் கட்டடத்தில் ஏழு மாடி. ஏழு மாடியிலும் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். அவர் சொன்னதைத் தமிழுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டால் பொலிசி போகும், கடன் வரும், வீடு எழும்பும். ஒழுங்கைக்காரர் எப்போதோ இறந்திருக்கலாம். ஒரு நாளும் யாரும் கேட்காமலே போகலாம். எங்கட ஆள். அப்பாவோடு வேலை செய்பவரின் சகலன். லட்டுக் கொடுத்தது ஒரு குற்றமா?

லாச்சியைத் திறந்து பொலிசியைப் பார்ப்பேன். மூடுவேன். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. நாலு மணி ஆகும்போது வேறொன்று மனதில் பட்டது. அதை அறிவு என்று சொல்லமாட்டேன். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால் வந்தது.

நாலு பிரதி அந்த ஒழுங்கையில் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் இப்படியான தாள்களை எறியமாட்டார்கள். சமையலறை லாச்சியில் போட்டு வைப்பார்கள். ஒரு நாள் ஒழுங்கைக்காரர் வந்து குழாயை வெட்டு என்று சொன்னால், அங்கிள் எங்களிடம் ஓடி வருவார். எங்கள் இழப்பீட்டுப் பிரிவு அந்த நாலு வீட்டுக் கதவையும் தட்டும். முதல் வீட்டிலேயே சிவப்புக் கோட்டோடு இந்தத் தாள் வெளியே வரும். அத்தோடு பொலிசி செல்லாது. ஆறு வீட்டில் ஆறு குடும்பம் இருக்கும் அப்போது. அவர் கையில் காப்புறுதி இருக்காது. என் கையெழுத்துப் போட்ட ஒரு தாள்தான் இருக்கும். நான் அவருக்குச் செய்யப்போவது உதவியே இல்லை.

எழும்பிப் போய் மேலாளரிடம் படத்தை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் படத்தை நிதானமாகப் பார்த்தார். "நன்றாக வரைந்திருக்கிறாள்" என்றார். பிறகு, "இது உனக்கு எத்தனை மணிக்குத் தெரியும்?"

"பதினொன்றரைக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போது நாலு பத்து."

அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் பாதி கடித்த லட்டு ஒன்று இருந்தது. அதை ஒரு துடைப்புத் தாளில் சுற்றி ஓரமாக வைத்தார். "பொலிசி இல்லை. சொலிசிட்டருக்கு நான் எழுதுகிறேன். அவருக்கு நீ சொல். உங்கள் மொழியில்."

சொன்னேன். அன்று மாலையே, போனில்.

"பிள்ளை, அது லட்டு" என்றார் அங்கிள். "லட்டுக் குடுத்ததுக்கு ஒரு மனிசன்ர காணியைப் பறிப்பினமோ?"

"லட்டில ஒண்டுமில்லை அங்கிள். படத்திலதான்."

"நீர் வாயைத் திறக்காட்டி ஆருக்குத் தெரியும்? உமக்கும் எனக்கும்தானே தெரியும்?"

"நாலு வீட்டுக்கும் தெரியும் அங்கிள்."

"எங்கட பிள்ளை எண்டு நம்பி வந்தன். வெள்ளைக்காரனெண்டால் சத்தம் போடாமச் செய்து தந்திருப்பான்."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பவானி அன்ரி. "இவர் இனிக் கதைக்கமாட்டார். வையும் பிள்ளை. ரெண்டு பெட்டையளையும் கொண்டு எங்கை போறதெண்டு யோசிக்கோணும்."

வைத்திருப்பேன். ஆனால் செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்று அப்போதுதான் வாயில் வந்தது.

"அன்ரி, லட்டு வாங்கேக்கை அந்த நாலு வீட்டுக்காரரும் என்ன சொன்னவை?"

"இப்ப அதுக்கென்ன?"

"ஒருக்காச் சொல்லுங்கோ."

"முதல் வீடு குஜராத்தி மனிசி. முட்டை போட்டதோ எண்டு கேட்டு, இல்லையெண்டவுடன ரெண்டு பெட்டி வாங்கினவ. அடுத்தது சின்னச் சோடி, குழந்தை நித்திரை எண்டு குசுகுசுத்துக் கதைச்சுதுகள். கடைசி வீட்டில ஆளில்லை, வாசல்ல வச்சிட்டு வந்தம்."

"மூண்டாவது?"

"அது ஒரு கிழவன். லட்டைப் பாக்கேல்லை, படத்தைத்தான் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவர். பிறகு, 'என்ர ஒழுங்கையில என்னைக் கேக்காமலோ?' எண்டார். இவர் சிரிச்சுக்கொண்டு இன்னும் ரெண்டு லட்டை வச்சவர். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திட்டார்."

"'என்ர ஒழுங்கை' எண்டவரோ?"

"வயசு போனவை அப்பிடித்தானே பிள்ளை. என்ர ரோட்டு, என்ர மரம் எண்டு சொல்லுவினம்."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். நிலப்பதிவில் ஒருவரும் இல்லாத இடத்துக்கு ஒரு ஆள், லட்டை வாங்கிக்கொண்டு, தானே வாய் திறந்து சொல்லியிருக்கிறார். சொலிசிட்டர்கள் மூன்று மாதம் தேடிக் கண்டுபிடிக்காத ஆளை அன்ரி ஒரு பின்னேரத்தில் கண்டுபிடித்துவிட்டு, அதைப் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை.

இங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். பொலிசி இருக்கும்வரை அவர்கள் அந்தக் கதவைத் தட்டக் கூடாது. பொலிசி இல்லையென்று ஆன பிறகு தடை ஒன்றும் இல்லை. யாரும் யாரோடும் பேசலாம். உரிமை இல்லாததற்குத்தான் காப்புறுதி. உரிமையையே எழுதி வாங்க முடிந்தால் நாங்கள் எதற்கு? மேலாளரிடம் ஓடினேன். "மூன்றாம் வீடு" என்றேன். சொலிசிட்டருக்கு எழுதிக்கொண்டிருந்த மின்னஞ்சலை அவர் இன்னும் அனுப்பவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'நாங்கள் விலகிக்கொண்டதால், மூன்றாம் வீட்டுக்காரரோடு பேச உங்கள் கட்சிக்காரருக்கு இனி எங்கள் பக்கத்தில் தடையில்லை.' எங்கள் நிறுவனம் தானே தன் வியாபாரத்தை வெளியே அனுப்பிவைத்த ஒரு வரி அது. அதை எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். "நாளை முதல் மூன்று மாதத்துக்கு உன் கையெழுத்து உரிமை இல்லை. அந்த நாலு மணித்தியாலம் நாற்பது நிமிடத்துக்காக." சரி என்றேன். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை நடந்தது எனக்கு அன்ரி பிறகு சொன்னது. சொலிசிட்டரும் அங்கிளும் மூத்த மகளும் மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். கிழவர் அவர்களை எதிர்பார்த்ததுபோல் உள்ளே கூப்பிட்டாராம். அவருடைய மாமனார்தான் அந்தக் கடை வரிசையைக் கட்டியவர். ஒழுங்கை அவர் கைக்கு வந்து, பிறகு மகளுக்கு வந்து, அந்த மகள் இறந்தபின் கணவரான இவருக்கு வந்திருக்கிறது. பத்திரம் ஒரு தேயிலைத் தகரத்தில். பதிவு செய்யவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"நான் மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கிழவர் கேட்டாராம்.

மகள் அதைத் தமிழில் சொல்ல, அங்கிள் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "ஒண்டும் செய்ய ஏலாது எண்டு சொல்லு. காணியை விட்டிட்டுப் போகவேண்டியதுதான். ஆனா லட்டைத் திருப்பி வாங்கமாட்டம் எண்டும் சொல்லு."

கிழவர் எழும்பிப் போய் சமையலறை லாச்சியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து வந்திருக்கிறார். அதில் சிவப்பும் நீலமும் தவிர, மூன்றாவதாக ஒரு பச்சைக் கோடு. அவரே பேனாவால் போட்டது. தன் சமையலறையிலிருந்து சிவப்புக் கோடு வரை. மழை பெய்தால் ஒழுங்கைத் தண்ணீர் முழுக்க அவருடைய சமையலறைக்குள்தான் வருமாம். கவுன்சில், அது தனியார் ஒழுங்கை, உங்கள் பாடு என்று சொல்லிவிட்டது. வருடக்கணக்காக வாளியும் துடைப்பமும். "உங்கள் குழாயில் என் தண்ணீரும் போகவேண்டும். வேறொன்றும் வேண்டாம்."

"இதுக்கே இவ்வளவு நேரம்?" என்றாராம் அங்கிள். "ரெண்டு நாள் வேலை."

வெள்ளிக்கிழமை காலை, பொலிசிக்குப் பதிலாக, ஒழுங்கைக்குக் கீழே குழாயும் கேபிளும் போடும் உரிமைக்கே பத்திரம் எழுதினார்கள். வங்கியின் சொலிசிட்டர் முகத்தைச் சுளித்து, பழைய பத்திரத்தின் மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் சம்மதிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். கிழவர் டாக்சி பிடித்து, தேயிலைத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டாராம்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட முடியாத கையோடு மேசையில் இருந்தேன். பன்னிரண்டு மணி ஆனது. போன் அடிக்கவில்லை. பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு பத்து. மேலாளர் தேநீர்க் கோப்பையோடு என் மேசையைக் கடந்து இரண்டு தரம் போனார்; தேநீர் போடும் இடம் அந்தப் பக்கமே இல்லை.

பன்னிரண்டு இருபதுக்கு அடித்தது. அன்ரி.

"பதினொண்டு ஐம்பதுக்கே சரி வந்திட்டுது பிள்ளை. சொல்ல மறந்துபோனம். எல்லாரும் அழுதுகொண்டு நிண்டனாங்கள்."

"அங்கிள்?"

"அவர் உம்மோட கோவம். இன்னும் ஒரு மாசத்துக்குக் கதைக்கமாட்டார். அதை விடும்."

ஒரு மாதமல்ல, ஒரு வருடம் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த வசந்தத்திலிருந்து ஸ்ட்ரெதமில் இருந்தும் ஹவுன்ஸ்லோவில் இருந்தும் தமிழர்கள் எங்கள் அலுவலகத்துக்குப் போன் எடுக்கத் தொடங்கினார்கள். எல்லோரையும் அனுப்பியவர் தவராசா அங்கிள். அவர் சொல்லி அனுப்பும் வசனமும் ஒன்றுதான்: "அந்தப் பெட்டையிட்டப் போங்கோ. ஆனா லட்டுக் குடுக்க முதல் போங்கோ." நீங்கள் நால்வரும் இன்று இந்த அலுவலகத்தில் இருப்பதற்கு அந்த வசனமும் ஒரு காரணம்.

மூன்று மாதம் முடிந்து கையெழுத்து உரிமை திரும்பிய அன்று மேலாளர் படிவத்தை என் முன்னால் வைத்தார். 'சொந்தக்காரரைத் தொடர்புகொண்டீர்களா?' என்ற கேள்விக்குக் கீழே ஒரு வெற்றிடம். "அவர் பொய் சொல்லவில்லை. நாம்தான் கேட்கத் தெரியாமல் கேட்டோம். எப்படிக் கேட்டிருந்தால் லட்டு வெளியே வந்திருக்கும்? நீயே எழுது" என்றார். இரண்டு நாள் எழுதினேன். முதலில் தமிழில். அங்கிளிடம் போனில் கேட்பதாக நினைத்துக்கொண்டு எழுதி, பிறகுதான் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். மேலாளர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆக நீங்கள் படித்துச் சிரித்த ஆங்கிலத்தின் மூலம் இதுதான்:

'நீங்கள் கட்டப்போவதைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரிடமாவது, வெறும் மரியாதைக்காகவேனும், ஏதாவது சொன்னீர்களா, கொடுத்தீர்களா? அவர்கள் என்ன சொன்னார்கள்? அப்படியே எழுதவும்.'

கேட்கும்போது கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டதும் அதுதான், ஒரு மனிதரின் காணியைக் காப்பாற்றியதும் அதுதான். தமிழில் காதில் விழுந்ததை மேலாளரிடம் சொல்ல நாலு மணி வரை காத்திருக்கவும் வேண்டாம்.

படிவம் அச்சாகி வந்த நாள், ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்து தாளை வாங்கினார்.

"இதில உன்ர எது?"

ஒன்பதாவது வரியில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். பெருவிரல் வைத்துப் பழகிய கை. சுட்டுவிரலால் அந்த வரியை முதலிலிருந்து கடைசி வரை மெதுவாகத் தடவினார்.

"நீளமா எழுதியிருக்கிறாய். என்ன எழுதியிருக்கு?"

வாசித்தேன். பெருமையோடு, கொஞ்சம் உரக்கவே.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதைப்போய் ஒரு கேள்வியெண்டு கேப்பினமோ? அயலுக்குச் சொல்லாமல் ஆராவது வீடு கட்டுவினமோடி?"

தாளை என்னிடம் தந்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.